சட்டைப்பையில் பெருங்காயம், தோளில் துப்பாக்கி

போன வாரம் மாண்ட்ரியாலை ஒட்டிய புரோசார்டில் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். மிளகாய் வற்றல் தேடிக் குனிந்தபோது அடித்தட்டில் தூசி படிந்த ஒரு தகர டப்பா கைக்கு அகப்பட்டது. மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கட்டிப் பெருங்காயம். இப்போது யார் கட்டி வாங்குகிறார்கள்? கல்லாவில் கொண்டுபோய் வைத்ததும் கடைக்காரர் சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், என் பிள்ளை வயதிருக்கும்.

"ஐயா, இது பழைய சாமான். இப்ப எல்லாரும் தூள்தான் வாங்கினம். கட்டி ஒருத்தரும் கேக்கிறேல்லை. விருப்பமெண்டால் சும்மா கொண்டு போங்கோ."

வாங்கிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தேன். பெருங்காய வாசனை வந்தால் உங்களுக்கு சாம்பார் நினைவுக்கு வரும், ரசம் நினைவுக்கு வரும். எனக்கு ஈரக் கம்பளியும் எண்ணெய் போட்ட இரும்பும் பைன் மரங்களுக்கு நடுவே விடிகிற நவம்பரும் நினைவுக்கு வருகின்றன. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவன் நான். ஆனாலும் ஏழெட்டு வருஷம் மான் வேட்டைக்குப் போனேன். சொன்னால் என் பேரப்பிள்ளைகளே நம்புவதில்லை.

அறுபத்தேழில் நடந்த எக்ஸ்போ கண்காட்சி முடிந்த மறு வருஷம் மாண்ட்ரியாலுக்கு வந்து சேர்ந்தேன். எஞ்சினியர் பட்டமும், பம்பு டிசைன் செய்த அனுபவமும், இரண்டு கோட்டும் என்னிடம் இருந்தன. போன இடத்திலெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகவே "கனடா அனுபவம் இல்லையே" என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே வேலை கிடைத்தால்தானே இங்கே அனுபவம் வரும் என்று கேட்க நாக்கு துடிக்கும், கேட்கமாட்டேன். புவாண்ட்-கிளேரில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில்தான் ரேமோன் இருந்தார். பிரெஞ்சு பேசும் கியூபெக்காரர், டிசைன் பிரிவுக்குத் தலைவர். பட்டத்தைப் பார்க்கவில்லை. ஒரு பழைய பம்பின் உள்பாகங்களை மேஜையில் கொட்டி, "இதுல எது தப்பு?" என்று கேட்டார். காட்டினேன். "திங்கக்கிழமை வா" என்றார்.

நான் மாட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். ஊரே கதவைச் சாத்தியபோது ஒருவர் திறந்துவிட்டால், அப்புறம் அவர் எந்தக் கதவைக் காட்டினாலும் அதற்குள் நுழையத்தானே வேண்டும்?

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வீட்டுக்குப் போனால் ரேடியோவை, திரைச்சீலையை, மீன் தொட்டியை, கண்ணில் பட்டதையெல்லாம் புகழ்வோம். அது மரியாதை. வீட்டுக்காரரும் "அதென்ன பிரமாதம்" என்பார், அத்தோடு காப்பி வந்துவிடும். ரேமோன் வீட்டுச் சுவரில் ஒரு துப்பாக்கி மாட்டியிருந்தது. அதையும் புகழ்ந்தேன். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அது வெறும் மரியாதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கையில் கொடுத்தார், இயக்கிப் பார்த்தேன், சொக்கிப்போனேன்.

விசைக்குக் கீழே நான்கு விரல் நுழைகிற மாதிரி ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மறுபடி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு எகிறி விழும், அடுத்த தோட்டா குழாய்க்குள் ஏறும், சுத்தியும் பின்னால் சாய்ந்து தயாராக நிற்கும். ஒரே அசைவில் இவ்வளவு வேலை. கறுப்பு இரும்பு கைபட்டுக் கைபட்டு ஓரங்களில் வெளுத்திருந்தது. வால்நட் மரக் கட்டை தோளில் வந்து அமர்ந்த விதத்தில் யாரோ எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. சுடாமல் வளையத்தை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் தோட்டாக்கள் முழுசாகவே ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விழும், துப்பாக்கியைக் காலி செய்ய அதுதான் வழி என்றும் ரேமோன் காட்டினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இதைச் செஞ்சவன் எஞ்சினியர்" என்றேன். என் உள்ளத்திலிருந்து வந்த வார்த்தை.

ரேமோனின் முகம் மலர்ந்துவிட்டது. என் கண்ணில் அவர் பார்த்தது யந்திரத்தின் மேலிருந்த ஆசையை. அதை மானின் மேலிருந்த ஆசை என்று எடுத்துக்கொண்டார். எனக்கு வேலை நிரந்தரமான அன்று சாயங்காலம் அந்தத் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி என் மடியில் வைத்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் என் குடியிருப்பு வாசலில் காரை நிறுத்தினார். "மாமனாரோடது. எனக்கு வேற இருக்கு. நவம்பர்ல போறோம்." போகலாமா என்று கேட்கவில்லை. போறோம்.

என் மனைவி சரோஜா கதவைத் திறந்தாள். போர்வையைப் பார்த்ததும் யாரோ குழந்தையைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

"என்னங்க இது?"

"ரேமோன் கொடுத்தார்."

"கொடுத்தா வாங்கிக்கறதா? நாளைக்கு யானையைக் கொடுப்பார், அதையும் பிடிச்சுக்கிட்டு வருவீங்களா?"

"எப்படி வேணாம்னு சொல்றது? நீயே சொல்லு."

அவளும் என் மாதிரிதான், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி வளராதவள். துப்பாக்கி பட்டுப்புடவை அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் போய் நின்றது.

அப்போது நவராத்திரி வந்தது. சரோஜா ஹாலில் பலகை போட்டுக் கத்தரிக்கோல், அரிவாள்மணை, தையல் மெஷின், என்னுடைய ஸ்லைடு ரூல் எல்லாவற்றையும் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவந்து நடுவில் படுக்கவைத்தாள்.

"ஆயுத பூஜைன்னு சொல்லிட்டு வீட்ல இருக்கற ஒரே ஆயுதத்தை விட்டுட்டா எப்படி?"

கட்டையில் சந்தனமும் குங்குமமும் ஏறின. குழாயின் நுனிக்கு ஒரு துணுக்குப் பூ. சிரிப்பை அடக்கிக்கொண்டு கற்பூரம் காட்டினேன். ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் எடுத்து ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும் என்ற விதி சரோஜாவுக்கு முக்கியம். அரிவாள்மணையில் அவள் வெண்டைக்காய் நறுக்கினாள். நான் ஸ்லைடு ரூலில் ஏதோ பெருக்கினேன். இருவரும் துப்பாக்கியைப் பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து ரேமோன் வந்து நின்றார். சுடப் பழக்கிவிட எனக்கு ஆள் தேவை என்று அவராகவே முடிவு செய்திருந்தார். ஹாலுக்குள் வந்தவர் பலகையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய அம்மாவும் வேட்டைக்காரர்களைக் காக்கிற ஒரு புனிதரின் படத்துக்கு நவம்பரில் மெழுகுவத்தி ஏற்றுவாராம். அம்மா போன பிறகு வீட்டில் யாரும் ஏற்றுவதில்லை என்றார். சரோஜா கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலை நின்றபடியே சாப்பிட்டார். "அடுத்த வருஷம் என் துப்பாக்கியையும் கொண்டு வர்றேன்" என்றார். கொண்டுவரவும் செய்தார். அவருடைய மைத்துனர் லூக்கின் துப்பாக்கியும் சேர்ந்து வந்தது. இப்படியாக, புலால் உண்ணாத குடும்பம் ஒன்று ஒரு வேட்டைக் கூட்டத்துக்கே பூசாரி ஆனது.

அன்று ஒரு கல்குவாரியில் தகர டப்பாக்களை வரிசையாக வைத்துச் சுட்டேன். தோள் கன்றிவிட்டது. காது அடைத்துவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் குதித்து விழுந்தன. வெடிமருந்து வாசனையோடு நின்று நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தபோது ரேமோன் என் முதுகில் தட்டி, பிறவி வேட்டைக்காரன் என்று சொல்லிவிட்டார். இரண்டு டப்பாவைத் தவறவிட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அது எழுபதாம் வருஷம். அந்த அக்டோபரில் இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கியூபெக்கைத் தனி நாடாக்கக் கேட்ட தீவிரவாதிகளின் ஆள் கடத்தல், அவசரச் சட்டம், தெருவில் ராணுவம். எங்கள் தெருமுனையில் ஜீப் நின்றது. வீடு வீடாகச் சோதனை என்று ரேடியோ சொன்னது. எங்கள் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒரு ரைஃபிள், அதிலும் நெற்றியில் குங்குமத்தோடு. அதை வைத்துக்கொள்வது அன்று குற்றமில்லை. அது மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது.

"கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள் சரோஜா.

"எப்படிக் கொண்டு போறது? போர்வையில சுத்தி ஜீப்பைத் தாண்டி நடக்கட்டுமா?"

வைத்திருக்கவும் பயம், வெளியே எடுக்கவும் பயம். ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. சரோஜா அலமாரிக்கு முதுகு கொடுத்து நின்றுகொண்டாள், என்னவோ அவள் நின்றால் மறைந்துவிடும் மாதிரி. வந்தவர் கட்டடத்தின் காவலாளி. ரேடியேட்டரில் சூடு வருகிறதா என்று கேட்கவந்தார். வருகிறது, மெர்சி, மெர்சி என்று தேவைக்கு அதிகமாகவே நன்றி சொல்லி அனுப்பினேன். அலுவலகத்தில் ரேமோனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்தார். "கியூபெக்ல பாதி அலமாரில இது இருக்கு" என்றார். இருக்கலாம். அந்தப் பாதியில் யாருக்கும் என் நிறம் இல்லை.

நவம்பர் வந்தது, போனோம். வடக்கே மலைப்பக்கம், பாதி வழியில் சாலையே மண்ணாக மாறிவிடும். ரேமோன் ஓட்டுவார், லூக் முன்னால், நான் பின்சீட்டில் துப்பாக்கிகளோடு. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் சொருகிவிடும். குடில் ஒற்றை அறை, ஒரு விறகடுப்பு. அங்கே பெரிய சட்டியில் பன்றிக்கொழுப்பு போட்டுப் பீன்ஸ் வேகும். ரேமோன் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கென்று சின்னச் சட்டியில் கொழுப்பில்லாமல் தனியாக வேகவைத்தார். எல்லா வருஷமும் அப்படித்தான். சரோஜா கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ்சாதம் காட்டில் செங்கல்லாக உறைந்துவிடும், அந்தப் பீன்ஸ் இல்லாவிட்டால் பட்டினிதான்.

என் சங்கடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மானைக் கொல்ல என்னால் முடியாது. பாவ புண்ணியம் பேசவில்லை, கை வராது. சுடமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. துப்பாக்கியைக் கொடுத்தவர், வேலையைக் கொடுத்தவர், அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் மனிதர். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது. ஆனால் அந்தக் காரின் பின்சீட்டில் எனக்கு இடம் இருந்திருக்காது என்று பயந்தேன். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு நவம்பரும் ஒரே பிரார்த்தனை: மான் என் பக்கம் வரக்கூடாது.

பிரார்த்தனைக்குத் துணையாக ரேமோனே வழி சொல்லிக்கொடுத்தார். முதல் வருஷம் கிளம்புவதற்கு முன் ஒரு பாடம் நடத்தினார். மானுக்கு மூக்குதான் எல்லாம். சோப்பு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, வாசனை எதுவும் கூடாது, ஒரு சின்ன வாடை பட்டாலும் அது அந்தத் திசைக்கே வராது.

வீட்டுக்குப் போனதும் சமையலறையில் சரோஜா ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். ஒரு பாக்களவு கட்டி உடைத்துக் கம்பளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மானென்ன, கரடிகூட வராது என்று எனக்கு நம்பிக்கை.

ஓடைக்கரையில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கும். ரேமோன் என்னை எப்போதும் அங்கேதான் உட்காரவைப்பார். "நல்ல இடம், அசையாத, பொறுமையா இரு" என்று சொல்லிவிட்டு அவரும் லூக்கும் மேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். சிவப்புக் கம்பளிச் சட்டையில், மடியில் துப்பாக்கி, பையில் பெருங்காயம், காலடியில் பனி. நான் விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு அடுத்த மாத வரைபடங்களை மனதுக்குள் போட்டுக்கொண்டிருப்பேன். ஓடை பாதி உறைந்து பாதி ஓடும். சில சமயம் மேட்டுக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் வரும். அவர்களுக்குக் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. அடுத்த வருஷமும் கிடைக்காது, அதற்கடுத்த வருஷமும்.

"இந்தியாக்காரனைக் கண்டாலே மான் சாமியாராகி ஓடிடுது" என்று லூக் கிண்டல் செய்வார். ரேமோன், "அதிர்ஷ்டம் இல்ல, அவ்வளவுதான்" என்று என் பக்கம் பேசுவார். திரும்பி வரும்போது மான் காரின் முன்மூடியில் கட்டப்பட்டிருக்கும். நெடுஞ்சாலை முழுக்க அந்த மாதத்தில் அப்படித்தான், கல்யாண ஊர்வலம் மாதிரி எல்லாரும் எல்லாருக்கும் ஹாரன் அடிப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதன் கண் திறந்திருக்கும். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன், பிறகு தூங்கியும் விடுவேன்.

வீட்டில் சரோஜா மட்டும் அவ்வப்போது டப்பாவைத் திறந்து பார்த்து முணுமுணுப்பாள். "இந்தப் பெருங்காயம் எங்கதான் போகுதோ, எலி திங்குமா இதை?"

ஒரு நவம்பரில் பெருங்காயம் கைவிட்டுவிட்டது. காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அதாவது எதிர்க்கரையிலிருந்து என் பக்கம். என் வாசனை என் முதுகுப் பக்கமாகவே போய்க்கொண்டிருக்க, முன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் புதரை விலக்கிக்கொண்டு அது வந்து நின்றது. இளம் ஆண் மான், சின்னக் கொம்பு. தண்ணீர் குடிக்கக் குனிந்தது. மூக்கிலிருந்து ஆவி வந்தது. தகர டப்பாவைவிடப் பெரியது, டப்பாவைவிடக் கிட்டத்தில்.

பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மெதுவாகத் தலையைத் திருப்பினேன். மேட்டின் மேல் ரேமோனின் சிவப்புத் தொப்பி. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் மான், பின்னால் ரேமோன். துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனேன். தோளில் அழகாக அமர்ந்தது, பாவி. குறிமுனை மானின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது, கல்குவாரியில் பழக்கிய கை. விரல் விசைக்குப் போகவில்லை. வளையத்தைத் தள்ளியது, இழுத்தது. மறுபடி தள்ளியது, இழுத்தது. தோட்டாக்கள் முழுசு முழுசாக எகிறி என் முழங்கால் பக்கம் பனியில் விழுந்தன. இரும்புச் சத்தம் ஓடை முழுக்கக் கேட்டது. மான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. எதற்கும் அவசரமில்லாத மாதிரி திரும்பிப் புதருக்குள் போனது. நான் காலித் துப்பாக்கியை அப்புறமும் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே செய்தேனா, கை தானாகச் செய்ததா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ரேமோன் இறங்கி வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியில் மண்டியிட்டுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தார். என் சட்டைப்பையைத் திறந்து உள்ளே போட்டார். கை ஒரு கணம் உள்ளேயே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டார்.

"மான் காய்ச்சல்" என்றார். "மானை நேர்ல பார்த்ததும் சிலருக்கு வரும். சுட்டுட்டதா நெனச்சு எல்லாத் தோட்டாவையும் வெளியே தள்ளிடுவாங்க. எங்க அப்பாவுக்கே வந்திருக்கு."

குடிலில் லூக்குக்கு அந்தக் கதையை நடித்தே காட்டினார். லூக் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் எனக்கு வந்த காய்ச்சல்களிலேயே அவ்வளவு நிம்மதியான காய்ச்சல் அதுதான். ஆனால் காரில் ஏறும்போது ரேமோன் சொன்னார்: "அடுத்த வருஷம் சரியாயிடும்." அடுத்த வருஷம். மறுபடியும் கூண்டுக்குள் போய்விட்டேன்.

அதன் பிறகும் போனேன். மான் வரவில்லை. ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகள் வந்தன, சுண்டல் போனது. பிறகு கட்சி மாறி ஆட்சி மாறி, எல்லாம் பிரெஞ்சில்தான் என்று சட்டம் வந்ததும், கம்பெனிகள் ஒவ்வொன்றாக டொரான்டோவுக்குக் கிளம்பின. எங்களுடையதும் கிளம்பியது. நான்தான் போவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், எனக்கு எந்த ஊரானால் என்ன? ஆனால் சரோஜாவுக்கு இங்கே பள்ளியில் வேலை கிடைத்திருந்தது, எனக்கும் பக்கத்திலேயே வேறு இடம் கிடைத்தது. ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச வருஷமே பாக்கி இருந்த ரேமோன்தான் போகவேண்டி வந்தது. இந்த மண்ணையும் மொழியையும் விட்டு அவர் போனார், நான் தங்கினேன்.

அந்த நவம்பரில் யாரும் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தவில்லை. நான் விடுதலையானேன். ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலில் படுத்துக்கொண்டு ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்தேன். கம்பளிச் சட்டை கொக்கியில் தொங்கியது. சமையலறையிலிருந்து சரோஜா சொன்னாள்:

"இந்த வருஷம் பெருங்காயம் குறையலையே."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அந்த மாதக் கடைசியில் ரேமோன் டொரான்டோவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். உயரமான கட்டடத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறாராம். ஜன்னலைத் திறக்கவே முடியாதாம்.

"மலையில பனி விழுந்துச்சா?"

"விழுந்திருக்கும். போகலையே."

"துப்பாக்கிக்குப் பூஜை போட்டீங்களா?"

"போட்டோம்."

பிறகு கேட்டார்: "அந்த நாத்தம் பிடிச்ச கட்டி, இன்னும் பையிலதான் இருக்கா?"

என் காது சூடாகிவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"முதல் வருஷம். காருக்குள்ள ஜன்னலை இறக்காம எப்படிடா உட்கார்றதுன்னு லூக் புலம்பினான். நீ தூங்கிட்டிருந்த."

"அப்போ ஏன் கூட்டிட்டுப் போனீங்க?"

"நீ இல்லாம எப்படிப் போறது?" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி. "உன்னை உட்காரவெச்ச இடத்துக்கு எங்க அப்பா காலத்துலேருந்து மான் வந்ததில்ல. அதனாலதான் அங்க உட்காரவெச்சேன். அந்த ஒண்ணு எப்படி வழி தவறி வந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல. பயந்துட்டேன். உனக்காகத்தான்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு ஹாலில் நின்று அழுதேன், அது நினைவிருக்கிறது. அத்தனை வருஷம் கூண்டில் அடைபட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூண்டை ஒருவர் வெளியிலிருந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சில வருஷம் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. பிறகு அதுவும் நின்றது. துப்பாக்கிக்கு உரிமம், பூட்டு, பதிவு என்று சட்டங்கள் வந்தபோது, அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். இளம் போலீஸ்காரர் கட்டையின் ரேகைக்குள் ஊறியிருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு ரத்தமா என்று கேட்டார். குங்குமம் என்றால் அவருக்கு எப்படிப் புரியும்? இல்லை என்று மட்டும் சொன்னேன். சரோஜாவின் பலகையில் இப்போது லாப்டாப்பும் கார் சாவியும் தையல் மெஷினும் இருக்கின்றன. முன்மூடியில் மானைக் கட்டிக்கொண்டு யாரும் ஹாரன் அடிப்பதில்லை, அதைத் தார்ப்பாயில் சுற்றி மறைத்துக் கொண்டுபோகிறார்கள். புவாண்ட்-கிளேரில் எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் கிடங்குகள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ஒரு நவம்பரில் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். அந்த விழுந்த மரத்தின் மேல் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று. பெட்ரோல் பங்கில் நிறுத்தி வழி கேட்கப் போனேன். எந்த ஊருக்கு என்றார்கள். அந்த ஊரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டே போனவன் நான்.